கார் வாங்கும்முன் ஈ.பி. கார்டைப் பாருங்கள்: டெல்டாவில் ஒரு சின்ன மின்சாரக் காரின் வரவு செலவு

மின்சாரக் கார் வாங்கலாமா என்று யாராவது கேட்டால், முதலில் வீட்டு ஈ.பி. கார்டை எடுத்துவரச் சொல்கிறேன். எந்தக் கம்பெனி, என்ன மாடல் என்பதெல்லாம் அதற்கு அப்புறம். இரண்டு மாதத்துக்கு வீட்டில் எத்தனை யூனிட் ஓடுகிறது என்ற எண், இந்த வண்டி உங்களுக்கு லாபமா இல்லையா என்பதில் பாதியைச் சொல்லிவிடும். மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்பது மீதியைச் சொல்லும்.

நான் இருப்பது நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வேலை கும்பகோணத்தில். ஆலங்குடி, வலங்கைமான் வழியாகப் போய்வர தினமும் 50 கிலோமீட்டரைத் தாண்டும். அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் அடிக்கடி தஞ்சாவூர் ஆஸ்பத்திரி. மற்றபடி மன்னார்குடியில் கடைத்தெரு, திருவாரூரில் சொந்தக்காரர்கள், வருஷத்துக்கு ஓரிரு முறை வேளாங்கண்ணி, நாகூர் பக்கம். டெல்டாவில் பெரும்பாலான குடும்பங்களின் கார் ஓட்டம் இந்த அளவுதான். சின்ன ஊர்களுக்கு இடையே 20, 30, 40 கிலோமீட்டர். ராத்திரி வண்டி வீட்டு வாசலுக்குத் திரும்பிவிடும்.

தரையும் நமக்குச் சாதகம். கல்லணையிலிருந்து கடல்வரை ஆறு மெல்ல இறங்கிப் போகும் சமதரை; ஏற்றம் என்று சொன்னால் பாலங்கள்தான். ஆற்றங்கரைச் சாலைகள் வளைந்து வளைந்து போவதால் 60-க்கு மேல் வேகம் எடுக்கவும் முடியாது. மின்சாரக் காருக்கு அந்த வேகம்தான் ஒத்துவரும். 90, 100 என்று போகும்போது காற்றின் எதிர்ப்பு கூடி பேட்டரி மளமளவென்று இறங்கும். வியாழக்கிழமை ஆலங்குடி குரு கோயில் கூட்டத்தில் ஊர்ந்து போகும்போதும், நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்துக் கிடக்கும்போதும் பெட்ரோல் வண்டி சும்மா நின்று எரிபொருளைக் குடிக்கும். மின்சாரக் காரில் ஏ.சி. ஓடினாலும் செலவு ரொம்பக் குறைவு, சத்தமும் இல்லை. அப்பா பின்சீட்டில் தூங்கிவிடுகிறார். கணக்கு வழக்கையெல்லாம் தாண்டி எனக்கு இந்த வண்டி பிடித்துப்போனதற்கு அதுவே முதல் காரணம்.

வாங்கியது டாடாவின் டியாகோ ஈ.வி., 24 கிலோவாட் அவர் பேட்டரி. ஒரு கிலோவாட் அவர் என்பது நம் ஈ.பி. கார்டில் ஏறும் ஒரு யூனிட். ஆகவே 24 யூனிட் பிடிக்கும் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2022-ல் இந்த வண்டி வந்தபோது 19.2 யூனிட், 24 யூனிட் என இரண்டு பேட்டரி அளவுகளில் வந்தது. பெரிய பேட்டரிக்குச் சான்றிதழ் சொன்ன தூரம் 315 கிலோமீட்டர். அந்தத் தூரம் சோதனைக்கூடத்தில் அளந்தது. எந்தக் கம்பெனி வண்டியானாலும் ஏ.சி.யோடு, நாலு பேரோடு ஓட்டினால் சான்றிதழில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு என்று கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. எனக்கு 200 கிலோமீட்டரை ஒட்டி வருகிறது. சித்திரை, வைகாசி வெயிலில் ஏ.சி. முழுவேகத்தில் ஓடும்போது அதற்கும் கீழே போகும். வேளாங்கண்ணி போய்த் திரும்ப அதுவே தாராளம்.

சரி, கரண்டுக் கணக்குக்கு வருவோம். ஷோரூமில் எனக்குச் சொன்னது கிலோமீட்டருக்கு 70 காசு. தமிழ்நாட்டு வீட்டுக் கட்டணம் ஏறு படிக்கட்டு என்பதைச் சொல்லவே இல்லை. நான் கணக்குப் போட்டபோது இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அடுத்த நூறு மானியத்தில் மிகக் குறைவு, 400 வரை யூனிட் 5 ரூபாய்க்கு உள்ளே. 400-ஐத் தாண்டினால் 6 ரூபாய்க்குச் சற்று மேல். 500-ஐத் தாண்டினால் 8 ரூபாய்க்கு மேல், 600-லிருந்து 800 வரை ஒன்பதரை ரூபாய் அளவில், அதற்கு மேல் பத்தரை, ஆயிரத்தைத் தாண்டினால் பதினொன்றரைக்கும் மேல். இதில் 500 என்பது முக்கியமான எல்லை. அதைத் தாண்டிவிட்டால் இரண்டாவது நூறு யூனிட்டுக்குக் கிடைத்த குறைந்த கட்டணமும் போய்விடும். அதற்கும் நாலு ரூபாய்க்கு மேல் போட்டுவிடுவார்கள்.

எங்கள் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கார் வருவதற்கு முன்னால் இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் வாக்கில் ஓடிக்கொண்டிருந்தது. கார் இரண்டு மாதத்தில் 3,000 கிலோமீட்டர் ஓடுகிறது. சுவரிலிருந்து எடுக்கும் ஒரு யூனிட்டுக்கு ஏழு, ஏழரை கிலோமீட்டர் கிடைக்கும். பேட்டரியில் ஏறும்போதே பத்தில் ஒரு பங்கு வெப்பமாக வீணாகும் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அப்படியென்றால் காருக்கு மட்டும் சுமார் 400 யூனிட். அது 380-க்கு மேல் உட்காருவதால் விலை உயர்ந்த படிகளிலேயே விழும். பில்லில் கூடும் தொகை 3,500 ரூபாயைச் சுற்றி. கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 20 காசு. ஷோரூம் கணக்கைவிட இது ஒன்றரை மடங்குக்கும் அதிகம். அப்படியும் லிட்டருக்கு 17 கொடுக்கும் பெட்ரோல் காருக்கு இதே தூரத்துக்கு 17,000 ரூபாய்க்கு மேல் போயிருக்கும். இரண்டு மாதத்தில் 14,000 ரூபாய் மிச்சம் என்றால் வருஷத்துக்கு 84,000.

ஏற்கெனவே இரண்டு ஏ.சி. ஓடி 800, 900 யூனிட் வரும் வீடாக இருந்தால் காரின் ஒவ்வொரு யூனிட்டும் பதினொரு ரூபாய் அளவில் விழும். கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய். அப்போதும் பெட்ரோலைவிடக் குறைவுதான், ஆனால் மிச்சத்தின் அளவு குறையும். இதற்காகத்தான் ஈ.பி. கார்டை எடுத்துவரச் சொல்வது.

மோட்டார் கொட்டகைக் கரண்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருப் பெரியப்பா ஒருவர் வண்டி வந்த புதிதில், “ஏன் தம்பி காசு கட்டிச் சார்ஜ் போடுற? கொட்டகையில மாட்டிவிட்டா இலவசம்தானே?” என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். “வேணாம் பெரியப்பா, அது தண்ணி எறைக்கக் கொடுத்த கரண்டு. கண்டுபிடிச்சா சர்வீஸே போயிடும்” என்றேன். விவசாயத்துக்கான இலவச இணைப்பை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி அனுமதியில்லாத பயன்பாடு. உரிய கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு வசூலிப்பார்கள். நெல்லை நம்பி இருக்கும் ஊரில் அந்த இணைப்பு எவ்வளவு பெரிய உரிமை என்பது நமக்குத் தெரியும். காருக்காக அதில் யாரும் கை வைக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

வண்டி விலை கூடுதல் என்பதையும் மறைக்க வேண்டாம். ஒரே அளவுள்ள பெட்ரோல் காருக்கும் மின்சாரக் காருக்கும் 3 லட்சத்திலிருந்து 4 லட்சம் வரை வித்தியாசம் வரும். மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். சின்ன பெட்ரோல் காருக்கு இருந்த 28 சதவீதத்தை 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆக்கிவிட்டதால் அந்த வண்டிகள் மலிவாகி, இடைவெளி முன்பைவிட விரிந்துவிட்டது. இன்னொரு பக்கம் சாலை வரி. தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம். 7 லட்ச ரூபாய் பெட்ரோல் வண்டி என்றால் 91,000 ரூபாய். நான் வாங்கியபோது மின்சார வாகனத்துக்கு அது முழு விலக்கு. நீங்கள் வாங்கும் மாதத்தில் விலக்கு இருக்கிறதா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்துகொண்டு கணக்கைப் போடுங்கள். ஒரு லட்சத்தை ஒட்டிய தொகை அது.

என்னைப்போல் மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு நாலு வருஷ வாக்கில் கூடுதல் விலை திரும்பிவிடும். மாதம் 400, 500 கிலோமீட்டர்தான் என்றால் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் கார் எடுக்கிற குடும்பத்துக்குப் பணத்தை மிச்சம் பிடிக்க இது வழி இல்லை. என் மச்சான் கேட்டபோது இதைத்தான் சொன்னேன். அவர் பெட்ரோல் கார்தான் வாங்கினார், அவருக்கு அது சரி.

முதல் போடும் பணத்தைக் குறைக்கப் பேட்டரியை வாடகைக்கு விடும் திட்டம் ஒன்றும் இருக்கிறது. 2024-ல் எம்.ஜி. கோமெட் காரை 4.99 லட்சத்துக்கு இப்படி அறிவித்தபோது பேட்டரி வாடகை கிலோமீட்டருக்கு இரண்டரை ரூபாய். மூன்று மீட்டருக்கும் குறைவான நீளம், 17.3 யூனிட் பேட்டரி, இரண்டே கதவு. கும்பகோணம் பெரிய தெரு நெரிசலில் சந்து கண்டுபிடித்து நிறுத்த அருமையான வண்டி. ஆனால் வாடகை இரண்டரை, கரண்டு ஒன்றேகால் என்று கூட்டினால் மூன்றே முக்கால் ஆகிவிடுகிறது. பெட்ரோல் ஆறு ரூபாய். தினம் நிறைய ஓடுகிறவர் பேட்டரியோடு வாங்குவதுதான் மேல். அப்படியே வாடகைத் திட்டத்தில் சேர்ந்தாலும் மாதத்துக்குக் குறைந்தபட்சம் எத்தனை கிலோமீட்டருக்குக் கட்ட வேண்டும் என்பதைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நான் நேரத்தையும் கவனத்தையும் அதிகம் செலவிட்ட இடம் வீட்டு வயரிங். வண்டியோடு வரும் சார்ஜரை 15 ஆம்பியர் பிளக்கில் மாட்டலாம் என்பது உண்மை. ஆனால் அது மிக்சி, அயர்ன் பாக்ஸ் மாதிரி கொஞ்ச நேரம் இழுத்துவிட்டு நிற்பது கிடையாது. 3 கிலோவாட்டுக்கு மேல் எட்டு மணி நேரம் விடாமல் இழுக்கும். பழைய வீட்டு வயர் சூடாகி பிளக் உருகும். எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன் மெயின் போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் செப்பு வயரை நேராக இழுத்து, லோடு மீறினால் அணையும் தனி எம்.சி.பி., கரண்டு கசிந்தால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. போட்டு, தரமான தொழிற்சாலை வகை சாக்கெட் வைத்துக் கொடுத்தார். “மத்ததுல மிச்சம் பிடிங்க, எர்த்துல மட்டும் பிடிக்காதீங்க” என்று அவர் சொன்னதை நான் எல்லோருக்கும் சொல்கிறேன். எர்த் சரியில்லை என்றால் சார்ஜர் சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு ஏற்றவே ஏற்றாது. ஊர்ப்பக்கம் பல வீடுகளில் மூன்றாவது ஓட்டை பெயருக்குத்தான் இருக்கிறது, பின்னால் வயரே போகாது.

நம் களிமண் ஈரமாக இருக்கும்வரை எர்த்துக்கு அருமை. மாசி, பங்குனிக்கு மேல் வாய்க்கால் காய்ந்து நிலம் பாளம் பாளமாக வெடிக்கும்போது எர்த் குழியும் காய்ந்து தடை ஏறும். அந்த மாதங்களில் குழியில் வாரம் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுகிறோம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்பு மண்ணில் இரும்புக் குழாய் சீக்கிரம் அரித்துப்போகும். அங்கே இருப்பவர்கள் செப்புப் பூச்சுள்ள தண்டு போடுவதோடு வருஷம் ஒருமுறை சோதிக்கவும் வேண்டும்.

அடுத்தது வோல்டேஜ். லைன் கடைசியில் இருக்கும் வீடுகளில் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும். மேட்டூர் ஜூன் 12-ல் திறக்கும்முன்னரே போர்வெல் தண்ணீரை வைத்துக் குறுவைக்கு நாற்று விடும் காலத்தில் பம்ப் செட்டுகள் எல்லாம் ஓடும்போது இன்னும் மோசம். சார்ஜர் நின்று நின்று ஏற்றும். ராத்திரி 11 மணிக்கு மேல் நிலைமை சீராகிவிடுவதால் வண்டியில் நேரத்தைக் குறித்து வைத்துவிடுகிறேன், காலை ஆறு மணிக்குத் தயார். சீக்கிரம் ஏற வேண்டும் என்று 7.2 கிலோவாட் சுவர் சார்ஜர் கேட்டால் அனுமதிக்கப்பட்ட லோடை உயர்த்த வேண்டும், த்ரீ ஃபேஸ் இணைப்பும் தேவைப்படலாம். இரவு முழுக்க நிற்கிற வண்டிக்கு அது தேவையே இல்லை என்பது என் அபிப்பிராயம்.

வெளியில் வேகச் சார்ஜர் தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர் பக்கம் சில பெட்ரோல் பங்க்கிலும் ஹோட்டலிலும் வந்துவிட்டது. யூனிட் 20 ரூபாயைச் சுற்றி, 18 சதவீதம் ஜி.எஸ்.டி. தனி. கிலோமீட்டருக்கு 3 ரூபாய் ஆகிவிடும். வீட்டில் சார்ஜ் போட வசதி இல்லாமல் இதை மட்டும் நம்பி வாங்குவது வீண். ஒரு முறை திருவாரூரில் செயலியில் ‘காலி’ என்று காட்டிய நிலையத்துக்குப் போனால் இயந்திரம் பழுது என்று அட்டை தொங்கியது. கையில் 40 சதவீதம் இருந்ததால் கவலையில்லாமல் வீடு வந்தோம். சென்னைக்கு இந்த வண்டியில் போவதில்லை. 300 கிலோமீட்டருக்கும் மேல், வழியில் இரண்டு முறை நிற்க வேண்டும், இரண்டிலும் வரிசை இருக்கலாம். மன்னை எக்ஸ்பிரஸில் ஏறினால் தூங்கி எழுந்து எழும்பூர்.

மழைக்காலத்தைப் பற்றி வெளியூர் நண்பர்கள் அதிகம் கேட்கிறார்கள். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் ஐ.பி.67 பாதுகாப்பு இருக்கிறது. ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே புகாது என்பது அதன் அளவுகோல். சாதாரண மழைத் தண்ணீருக்குப் பயமில்லை. அதை நம்பி உடைப்பெடுத்த வாய்க்கால் ஓடும் சாலையில் இறங்கக் கூடாது. பேட்டரிதான் வண்டியின் மிகப்பெரிய செலவு, அதனால் தண்ணீரால் வரும் சேதத்தையும் சார்ஜரையும் சேர்த்துக் காப்பீடு எடுத்திருக்கிறேன். மூன்றாம் நபர் காப்பீட்டில் மின்சாரக் காருக்கு 15 சதவீதம் தள்ளுபடி உண்டு. ஆனால் வண்டி மதிப்பு கூடுதல் என்பதால் மொத்தப் பிரீமியம் பெட்ரோல் காரைவிடக் கூடத்தான் வரும்.

கரண்டு போவதுதான் உண்மையான கவலை. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்தபோது எங்கள் மாவட்டத்தில் வாரக்கணக்கில் கரண்டு இல்லாத கிராமங்கள் உண்டு. அதனால் ஐப்பசி பிறந்தால் வண்டியை 70 சதவீதத்துக்குக் கீழே விடுவதில்லை. புயல் எச்சரிக்கை வந்தால் முழுக்க ஏற்றிவிடுவோம். 200 கிலோமீட்டர் கையிருப்பில் இருந்தால் ஒரு அவசரத்துக்குத் தஞ்சாவூர் போய்வரலாம். வீட்டில் பெட்ரோல் பைக் ஒன்றையும் விற்காமல் வைத்திருக்கிறோம்.

ஒரு வருஷம் ஓட்டிப் பார்த்த பிறகு மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டோம். 2024-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் கிடைத்தது. நல்ல வெயிலில் நாளைக்கு 12 யூனிட் வாக்கில் வரும். பகலில் லைனுக்குப் போவதை ராத்திரி கார் எடுத்துக்கொள்கிறது. ஈ.பி. பில் பழைய அளவுக்கும் கீழே வந்துவிட்டது. கார்த்திகை, மார்கழியில் மேகம் மூடிய நாட்களில் பாதிகூட வராது. தை அறுவடையின்போது இயந்திரம் கிளப்பும் வைக்கோல் தூசி பலகைமேல் படிந்துவிடும், வாரம் ஒருமுறை கழுவ வேண்டும்.

பராமரிப்பில் இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், இன்ஜின் பெல்ட் எதுவும் இல்லை. வருஷச் செலவு என் பழைய பெட்ரோல் காரில் ஆனதில் பாதிகூட இல்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வண்டி தானாக வேகம் குறைந்து பேட்டரிக்குக் கரண்டு திரும்புவதால் பிரேக்கும் அதிகம் தேயவில்லை. டயர் மட்டும் சீக்கிரம் தேய்கிறது, பேட்டரி எடைக்கு அப்படித்தான் இருக்கும். பழைய மாதிரி 12 வோல்ட் பேட்டரி ஒன்றும் உள்ளே உண்டு. அது இறங்கிவிட்டால் பெரிய பேட்டரி நிரம்பியிருந்தாலும் வண்டி உயிர்பெறாது. பல நாள் ஊருக்குப் போவதாக இருந்தால் கவனியுங்கள்.

நம் ஊரில் யாரும் எச்சரிக்காத ஒன்று எலி. அறுவடை முடிந்ததும் வயல் எலிகள் வீட்டை நோக்கி வரும்; நெல் மூட்டைக்குப் பக்கத்தில் நிறுத்திய வண்டியின் வயரைக் கடிக்கும். மின்சாரக் காரில் ஆரஞ்சு நிற உயர் அழுத்த வயரைக் கடித்தால் செலவு பெரியது, நாமே தொட்டுப் பார்க்கவும் கூடாது. வண்டி நிற்குமிடத்தைக் களஞ்சியத்திலிருந்து தள்ளி வைத்து, சுற்றிலும் கம்பி வலை அடித்துவிட்டேன். சாலையில் நெல் காயப்போட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கும் ஆடு மாடுகளுக்கும் வண்டி வரும் சத்தம் கேட்காது என்பதையும் மனத்தில் வைத்து ஓட்ட வேண்டும். ஊருக்குள் நான் 30-ஐத் தாண்டுவதில்லை.

இப்போது செகண்ட் ஹேண்டில் இரண்டு, மூன்று வருஷம் ஓடிய வண்டிகள் வரத் தொடங்கியிருக்கின்றன. பட்ஜெட் இடிக்கிறவர்களுக்கு அது நல்ல வாய்ப்பு. விற்பவர் வீட்டிலேயே 100 சதவீதம் ஏற்றச் சொல்லி, ஏ.சி.யோடு ஒரு 60, 70 கிலோமீட்டர் ஓட்டி, எத்தனை சதவீதம் இறங்குகிறது என்று பாருங்கள். பேட்டரி நிலை அறிக்கையைச் சர்வீஸ் சென்டரில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். பேட்டரிக்குப் பொதுவாக 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி உண்டு. இரண்டாவது உரிமையாளருக்கு அது அப்படியே மாறுமா, பேட்டரித் திறன் எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்ற இரண்டையும் பணம் கொடுக்கும்முன் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.